யோனாவின் கதையை யார் சொன்னது?

அல்கோஷ்
20 ஆகஸ்ட் 1937

அன்புத் தங்கை வாரினாவுக்கு,

ஆண்டவரின் அமைதி உன் வீட்டுக்கும் உன் கைக்கு வரும் நோயாளிகளுக்கும் கிடைக்கட்டும். நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. மண்டியிட்டால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. பாஸ்ராவில் வெயில் எப்படி? ஆஸ்பத்திரியில் இரவு வேலையைக் குறைத்தார்களா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஹொர்மிஸ் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டான். நம் தம்பி பெஹ்னாமை லாரியில் ஏற்றிக்கொண்டு, குடித்துவிட்டு ஓட்டி, ஓடைப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டு ஓடிப்போனானே, அதே ஹொர்மிஸ்தான். எட்டு வருஷம் கழித்து வந்து அவன் அம்மாவின் இடிந்த வீட்டில் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறான், ஆனால் உள்ளே வருவதில்லை. கோயில் முற்றத்து முசுக்கட்டை மரத்தடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி ஆமென் வரைக்கும் நிற்கிறான்.

ஊர் சும்மா இருக்குமா? கழுதைக்காரி கம்மோ குருவென்றும் பாராமல் என் சட்டையைப் பிடித்து இழுத்தே கேட்டுவிட்டாள். "ஏன் காஷா, எத்தனை நாளைக்கு அவன் மரத்துக்குக் காவல் நிப்பான்? உள்ள விடுங்க, இல்ல ஊர விட்டுத் தொரத்துங்க. கண்ணால பாக்க முடியல."

வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு உயிரைப் போக்கியவன் கோயில் வாசலைத் தாண்ட வேண்டுமானால், செத்தவனின் ரத்த உறவுகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பெஹ்னாமுக்கு மிச்சம் இருப்பது நீயும் நானும்தான். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் வாயாலும் ஒரு 'முடியாது' வேண்டும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நாலு வரி எழுதி அனுப்பு, போதும்.

அண்ணி உலர்ந்த அத்திப்பழம் கட்டி வைத்திருக்கிறாள். ஆள் கிடைத்தால் அனுப்புகிறோம்.

உன் அண்ணன்,
காஷா ஒராஹா


பாஸ்ரா
9 செப்டம்பர் 1937

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் ஆசி வேண்டி எழுதுகிறேன். நான் நலம். வெயிலில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நடக்கிறோம். பேரீச்சை அறுவடை தொடங்கிவிட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்கள் தினமும் இரண்டு பேர் வருகிறார்கள். முழங்காலுக்கு எருமை நெய் தடவாதீர்கள், அது ரொட்டிக்குத்தான் நல்லது. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். யோனாவை நினைத்துக்கொண்டேன். கடவுள் போகச் சொன்ன நினிவேக்குப் போகாமல் கப்பலேறி ஓடி, பிறகு போய் 'அழிவீர்கள்' என்று எச்சரித்து, ஊர் திருந்திக் கடவுள் மன்னித்ததும் சாகிறேன் என்று கோபித்துக்கொண்ட தீர்க்கதரிசி. மூன்று நாள் நினிவே நோன்பில் நீங்கள் அவர் கதையைப் படிக்கும்போது சின்னப் பிள்ளைகளாகப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பெஹ்னாமும் சண்டை போடுவோம். "பாவம், அவருக்குப் பசி, அதான் கோவம்" என்பான் அவன். "ஊரே திருந்திருச்சுன்னா சந்தோஷப்படணும்ல, இவரு ஏன் சாகணும்கறாரு?" என்பேன் நான். எனக்கு இன்னும் விடை தெரியாது. நீங்கள் குருவானவர். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இங்கிருந்து சொல்ல வேறு விசேஷமில்லை. ஹொர்மிஸ் மிகவும் இளைத்துவிட்டாரா? அந்த இருமல் மலைக்காற்றில் கூடிவிடாதா?

அண்ணிக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை,
வாரினா


அல்கோஷ்
30 செப்டம்பர் 1937

தங்கை வாரினாவுக்கு,

உனக்கு நலம் உண்டாகட்டும். நாங்கள் நலம். உன் கடிதம் வந்தது. நான் கேட்ட நாலு வரி அதில் இல்லை. நான் எழுதாத ஒன்று இருந்தது. ஹொர்மிஸ் இருமுகிறான் என்று உனக்கு யார் சொன்னது?

இதற்கு நீ பதில் சொல்லும்வரை யோனாவுக்கு வருகிறேன். மோசூல் துணிக்கடை யூத முதலாளி ஷாவுல், நம் ஊர் நாகூம் தீர்க்கதரிசியின் கல்லறைக்கு விளக்கேற்ற வந்தவர், வழக்கம்போல நம் வீட்டில் தேநீர் குடித்தார். யூதர்களின் பெரிய நோன்பு முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அவர்களும் அன்று பிற்பகலில் யோனாவின் கதையைத்தான் படிப்பார்களாம்.

"காஷா, உங்க ஊர்ல நாகூம் படுத்திருக்காரு. நினிவே அழிஞ்சே தீரும்னு சொன்னவரு. அங்க மோசூல் மேட்டுல, பழைய நினிவே இருந்த எடத்துல, யோனா. நினிவே பொழைச்சிருச்சேன்னு அழுதவரு. நீங்க நடுவுல குடியிருக்கீங்க. எந்தப் பக்கம் தலை வெச்சுத் தூங்கறீங்க?"

"நாகூம் பக்கம்தான்" என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோனாவுக்கு ஏன் கோபம் என்று கேட்டாயே, அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நினிவேக்காரர்கள் கொன்றவர்களுக்காக யார் அழுவது? இரண்டு நாள் சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தால் செத்தவன் எழுந்து வருவானா? இதைத்தான் ஷாவுலிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறொன்று கேட்டார்.

"ஊருக்கு வெளிய, செடி நிழல்ல உக்காந்து யோனா கடவுள்கிட்டக் கத்துனாரே, அது யார் காதுல விழுந்துச்சு? கூட ஒரு ஈ காக்கா இல்லியே. அப்புறம் எப்படிப் புஸ்தகத்துல வந்துச்சு?"

"தூய ஆவி எழுத வைத்தது" என்றேன்.

"சரிதான். ஆனா முதல்ல யாரோ ஒரு மனுஷன் வாயத் தெறந்திருக்கணுமில்ல?"

இதைக் கேட்டுவிட்டுக் கோவேறு கழுதையில் ஏறிப் போய்விட்டார். வியாபாரிகளுக்கு நேரம் அதிகம்.

இருமலைப் பற்றி எழுது.

ஒராஹா


பாஸ்ரா
18 அக்டோபர் 1937

அன்புள்ள அண்ணா,

உங்கள் கைகளை முத்தமிடுகிறேன். உடம்பு நலம்தான்; மனதில்தான் கொஞ்ச நாளாகக் கல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இறக்கி வைத்துவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் பெஹ்னாமின் நினைவு நாளன்று ஹொர்மிஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறாராம். என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றி அடித்தேன். தலையிலும் முகத்திலும் அடித்தேன். அவர் கையைத் தூக்கவே இல்லை. அடுத்த வருஷம் அதே நாளில் மறுபடி வந்தார். வெறும் வசவோடு அனுப்பினேன். மூன்றாவது வருஷம் பேசவில்லை. போன வருஷம் அவர் வந்தபோது அனல் காற்று அடித்தது, இருமி இருமி உதட்டில் ரத்தம். பானையிலிருந்து ஒரு கிண்ணம் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். அதற்கப்புறம் நான்தான் சொன்னேன்: "எங்கிட்ட வந்து என்ன பிரயோசனம்? ஊருக்குப் போங்க. அங்க போய் நில்லுங்க." என் பேச்சைக் கேட்டுத்தான் அவர் அங்கே மரத்தடியில் நிற்கிறார்.

ஆகவே என் பதில் சம்மதம். என்னை மன்னியுங்கள். முன்பே எழுதாததற்கு மட்டும்தான் மன்னிப்பு, சம்மதத்துக்கு இல்லை.

இன்னும் ஒன்று. பெஹ்னாம் அந்த இடத்திலேயே உயிர் விட்டான் என்று எனக்குச் சொன்னீர்கள். விடியும்வரை உயிர் இருந்தது, ஆட்டிடையர்கள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் கேட்டான் என்று ஹொர்மிஸ் பாஸ்ராவில் நம் ஊர்க்காரர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டிருக்கிறார். நான் அழுவேன் என்று மறைத்தீர்கள் போல. அது பரவாயில்லை. ஆனால் அவர் சொன்ன வேறொன்று என்னைத் தூங்கவிடவில்லை. லாரி கவிழ்ந்ததும் அவர் ஓடியது ஊரை நோக்கித்தானாம். உதவி கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அவர்கள் திறந்த கதவை அடைத்துவிட்டார்கள். அதோடு தைரியம் போய், இருட்டில் எங்கேயோ ஓடிவிட்டார். "யார் வீடு?" என்று அந்தத் தண்ணீர் கொடுத்த நாளில் எத்தனையோ முறை கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார், பெயரைச் சொல்லவில்லை.

நம் ஊரில் அப்படிக் கதவடைத்த பாவி யார் அண்ணா? விசாரித்து எழுதுங்கள். அவரையும் மரத்தடியில் நிறுத்த வேண்டாமா?

அண்ணியின் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது?

வாரினா


பாஸ்ரா
2 டிசம்பர் 1937

அன்புள்ள அண்ணா,

நலம். நலமறிய ஆவல். ஆறு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். மலையில் மழை பிடித்துக்கொண்டதா, முழங்கால் படுத்துகிறதா, அல்லது என் மேல் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். நீங்கள் திட்டாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை.

வாரினா


அல்கோஷ்
26 டிசம்பர் 1937

தங்கைக்கு,

மீட்பர் பிறந்த மகிழ்ச்சி உனக்கு உண்டாகட்டும். உன் மேல் கோபமில்லை. நேற்று முற்றத்தில் நெருப்பு மூட்டி, நற்செய்தி படித்து, சுற்றி வந்தோம். அண்ணி ஆட்டுத்தலை சமைத்தாள். ஹொர்மிஸ் மழையில் நனைந்தபடி நின்றான். யாரோ அவனுக்கு ஒரு கம்பளி கொடுத்திருக்கிறார்கள். அது என் கம்பளி. அண்ணியைக் கேட்டால் எலி கொண்டுபோனது என்கிறாள்.

கொஞ்ச நாளாக மோசேயின் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நாற்பது வருஷம் சுமந்த ஜனம் தண்ணீர் கேட்டு முறுமுறுத்தபோது ஒரே ஒரு தடவை கோபம் வந்தது. பேசு என்று கடவுள் சொன்ன பாறையைக் கோலால் அடித்தார். ஒரே ஒரு தடவை, வாரினா. அதற்காக அவரை வாக்களித்த நாட்டுக்குள் கடவுள் விடவில்லை. முன்பெல்லாம் இதைப் படித்தால் கடவுள் கடுமையானவர் என்று தோன்றும். இப்போது அந்தக் கதையின் கடைசியையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். மலையில் தனியாகச் செத்த அந்த மனிதரைக் கடவுளே அடக்கம் செய்தார் என்று எழுதியிருக்கிறது. உள்ளே விடாதவரே உடன் இருந்து குழி வெட்டியிருக்கிறார். இதை இருபது வருஷமாகப் படிக்கிறேன், நேற்றுத்தான் கண்ணில் பட்டது போல இருக்கிறது.

நீ கேட்ட கதவைப் பற்றி: பழைய விஷயம், கிளறாதே. ஹொர்மிஸை உள்ளே விடுவதை நினிவே நோன்பு முடியட்டும், பார்ப்போம்.

ஒராஹா


பாஸ்ரா
14 ஜனவரி 1938

அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மோசேயைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதேன். கடைசி இரண்டு வரியைப் படித்து அழுகை நின்றுவிட்டது.

ஓடைப் பள்ளத்திலிருந்து ஊருக்குள் வரும் பாதையில் முதல் வீடு எது? நான் பிறந்து வளர்ந்த வீடு எனக்குத் தெரியாதா? அன்று விளக்கேற்றும் நேரம். மாலை மன்றாட்டு முடிந்து நீங்கள் வீட்டில்தான் இருந்திருப்பீர்கள்.

நான் எதையும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. நீங்களாக எழுதும்வரை இனி நான் எழுதப்போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரினா


அல்கோஷ்
10 பிப்ரவரி 1938

என் தங்கை வாரினாவுக்கு,

இந்த முறை நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கதவுதான். நான்தான். கதவைத் திறந்ததும் சாராய நெடி மூக்கில் அடித்தது. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ உளறினான். "குடிச்சுட்டு என் வாசலுக்கு வராதே. தெளிஞ்சப்புறம் காலைல வா" என்று சொல்லி முகத்தில் அடித்தாற்போல் சாத்தினேன். அவன் வாயிலிருந்து பெஹ்னாம் என்ற பெயர் வந்ததா என்று எனக்கு நினைவில்லை என்றே எட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த நோன்புக்கு முந்தின நாள் அண்ணியிடம் கேட்டேன். அவள் மாவு பிசைந்த கையைக்கூடத் துடைக்காமல் சொன்னாள்: "வந்துச்சு. ரெண்டு தடவை சொன்னான். எனக்குக் கேட்டுச்சு. நீங்க வந்து உக்காந்து சூப்பு குடிச்சீங்க. குடிகாரன் பேச்சுதானேன்னு நானும் விட்டுட்டேன். அதுலேருந்து நான் ஒரு நாளும் சரியாத் தூங்குனதில்ல."

அவன் உள்ளே வரக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தது தம்பிக்காக என்று நினைத்தாயா? நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளே வந்தால் அவன் பேசிவிடுவான் என்ற பயம்தான் அது.

நோன்பு திங்களன்று தொடங்கியது. மூன்று நாள் ஊரே பச்சைத்தண்ணீர் படாமல் கோயிலில். கம்மோ வழக்கம்போலத் தன் கழுதையையும் பட்டினி போட்டுவிட்டாள். "நினிவே ராசா மிருகத்துக்கும் சேத்துத்தான் சொன்னாரு" என்கிறாள். அது மூன்று நாளும் என் பிரசங்கத்துக்கு நடுவே கத்தியது.

புதனன்று கடைசி அதிகாரம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உனக்கு நிழல் தந்த செடி வாடியதற்கு அழுகிறாயே, இடக்கை வலக்கை தெரியாத இத்தனை ஆயிரம் ஜனத்துக்காக நான் இரங்க வேண்டாமா, இத்தனை மிருகங்களுக்காகவும் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கும் இடம் வந்தது. அங்கே கதை நின்றுவிடுகிறது. யோனா என்ன சொன்னார் என்று இல்லை. நான் புத்தகத்தை மூட வேண்டும்; மூட முடியவில்லை. ஷாவுலின் கேள்வி வந்து முன்னால் நின்றது. அந்தச் செடியடியில் யோனாவும் கடவுளும் மட்டும்தான் இருந்தார்கள். யோனா சொல்லாமல் உலகத்துக்குத் தெரிய வழியே இல்லை. ஓடியதை, கப்பலில் தூங்கியதை, ஒரு ஊர் பிழைத்ததற்கு ஆத்திரப்பட்டதை எல்லாம் அந்த மனிதர் திரும்பி வந்து தன் வாயால் சொல்லியிருக்கிறார். தங்கையே, எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அவர் கடவுளுக்குச் சொன்ன பதில் அதுதான். அது என் கையில் விரிந்து கிடந்தது. நான் படித்துக்கொண்டிருந்த ஜனம் அந்த நினிவேக்காரர்களின் பேரப்பிள்ளைகள். நானும் அவர்களில் ஒருவன்.

பீடத்திலிருந்து இறங்கி நின்று, சொல்லிவிட்டேன். உனக்கு மேலே எழுதியதை அப்படியே சொன்னேன்.

கடைசியில் கிழவர் ஷமூன் தடியை ஊன்றி எழுந்தார். "காஷா, நான் தப்பாச் சொன்னா மன்னிக்கணும். அப்ப நீங்களும் வெளிய தானே நிக்கணும்?"

"ஆமாம்" என்றேன். தோளில் இருந்த பூசைப் பட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முசுக்கட்டை மரத்தடிக்குப் போனேன். ஹொர்மிஸுக்கு என் குரல் அவ்வளவும் கேட்டிருக்கிறது. முகம் வெளிறிப்போய் நின்றான்.

"ஏன் காஷா சொன்னீங்க?" என்றான். "எட்டு வருஷமா அதப் பத்திரமா வெச்சிருந்தேனே. உங்க தங்கச்சிகிட்டக்கூடச் சொல்லலியே."

"ஏண்டா சொல்லல?"

"உங்க கதவு ஒண்ணுதான் சாத்துனுச்சு. மிச்சம் நானூறு கதவ நான் தட்டல. அது என் கணக்கு. உங்களத எதுக்கு நான் சொல்லணும்?"

அவன் பக்கத்தில் நின்றேன். மழை தூறியது. அவன் அந்தக் கம்பளியில் பாதியை என் தோளில் போட்டான்.

எவ்வளவு நேரம் நின்றோமோ, உள்ளே சலசலப்பு எழுந்தது. குரு இல்லாமல் பூசை முடியாது. பூசை முடியாமல் ஊர் வாயில் தண்ணீர் படாது. முதலில் கம்மோதான் வெளியே வந்தாள். "ரெண்டு பெரிய மனுஷங்களும் மரத்தடியில நின்னா நாங்க எப்பங்க சாப்பிடறது? புள்ளைங்க சுருண்டு கெடக்குது. என் கழுதை செத்துரும். கடவுளே மிருகத்துக்கு எரக்கப்படறேன்னு சொன்னாரு, இப்பதான் படிச்சீங்க! நடங்க உள்ள!" என் கையை ஒரு பக்கமும் அவன் கையை ஒரு பக்கமும் பிடித்து இழுத்தாள். அவள் பின்னால் ஷமூன், அவர் பின்னால் ஊரே வந்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். அப்படித்தான் ஹொர்மிஸ் வாசலைத் தாண்டினான். நானும் அவனோடுதான் தாண்டினேன்.

பூசை முடிந்ததும் அண்ணி குடத்தோடு வந்தாள். முதல் கிண்ணத்தை ஹொர்மிஸிடம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தான். பெஹ்னாமின் கல்லறையில் மெதுவாக ஊற்றினான், கடைசிச் சொட்டு வரை. இரண்டாவது கிண்ணத்தைத்தான் குடித்தான். அதற்குள் கல்யாணமாகாத பெண்கள் கூச்சல் போட்டார்கள். நோன்பு முடிந்த இரவு உப்பு மாவு தின்றுவிட்டுத் தூங்கினால் கனவில் யார் தண்ணீர் கொடுக்கிறாரோ அவரையே கட்டிக்கொள்ளப் போகிறோம் என்பார்களே, அதைச் சொல்லித்தான். "ஹொர்மிஸுக்குக் காஷாவே தண்ணி குடுத்துட்டாரு! தேதி குறிங்க!" உன் அண்ணி எட்டு வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

ஆயருக்கும் எழுதிவிட்டேன். அவர் என்ன தண்டனை சொன்னாலும் ஏற்பேன். ஊர் என்னை மன்னித்துவிட்டது என்று சொல்கிறார்கள். ஆனால் வழக்கம் உனக்குத் தெரியும். ரத்த உறவு சம்மதிக்க வேண்டும். இப்போது பெஹ்னாமுக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

ஒராஹா


பாஸ்ரா
1 மார்ச் 1938

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பிரித்து முதல் பத்தியைப் படித்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். பெஹ்னாம் விடியும்வரை கிடந்தான். நீங்கள் சூப்பு குடித்தீர்கள். அதை என்னால் தாண்ட முடியவில்லை. செருப்பு என் காலில்தான் இருக்கிறது, நீங்கள் எட்டாத தூரத்தில் இருக்கிறீர்கள்.

கோபம் இருக்கிறது, ஒளிக்கமாட்டேன். ஆனால் யோனாவின் கதையை நேற்று நானே எடுத்துப் படித்தேன். அவர் அவ்வளவு கோபமாக இருக்கும்போதும் கடவுள் எழுந்து போகவில்லை. வெயிலில் அவரோடு உட்கார்ந்து, உன் கோபம் நியாயமா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைப் படித்ததும் நான் விளக்கின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு பெரியவர் எவ்வளவு பொறுமையாக ஒரு முசுட்டு மனிதரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்!

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு விடுமுறை வாங்கிவிட்டேன். ரயிலில் கிர்குக் வரை வந்து, அங்கிருந்து மோட்டாரில் மோசூல், பிறகு ஊர். ஹொர்மிஸுக்கு இருமல் மருந்து கொண்டுவருகிறேன். அந்தப் பாதை வழியாகத்தான் வருவேன், முதல் வீட்டுக்குத்தான் வருவேன். வந்து சேர விளக்கேற்றும் நேரம் ஆகிவிடும்.

உங்கள் முழங்காலோடு எழுந்து வர வேண்டாம். நான் தட்டப்போவதில்லை. கதவைத் திறந்தே வையுங்கள்.

உங்கள் தங்கை,
வாரினா